முன்மருந்தோடு கல்கத்தாவுக்கு

ஹவுரா ஸ்டேஷனில் என்னை அழைத்துப் போக வந்திருந்த ஷ்யாமல்தா, என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டதும் கேட்ட முதல் கேள்வி: "பேட் டீக் ஆச்சே?" எனக்கு வங்காளி தெரியாது. அவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். வயிறு சரியாக இருக்கிறதா என்று விசாரிக்கிறார்.

எங்கள் ஊர் போளூருக்குப் பக்கம். அங்கே ஒருவரைப் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்போம். சாப்பிட்டது உள்ளே போய் என்ன ஆயிற்று என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கல்கத்தாவில் அதைத்தான் கேட்கிறார்கள். நான் இருந்த ஐந்து நாளில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் படகிலும் முன்பின் தெரியாதவர்கள் என் வயிற்றை விசாரித்தார்கள். என் வயிறு நன்றாகத்தான் இருந்தது. அண்ணனின் வயிறுதான் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் ஏழுமலை சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் கலாசி, பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஷெட்டில் எடுபிடித் தொழிலாளி. ஷ்யாமல்தா அவரோடு அதே ஷெட்டில் வேலை பார்ப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். பேரின் கடைசியில் வரும் 'தா', தாதாவின் சுருக்கம், அண்ணன் என்று அர்த்தம். அண்ணனிடம் கற்றுக்கொண்ட தமிழில் பாதி கெட்ட வார்த்தை, மீதி சாப்பாட்டுப் பெயர்கள். இதற்கு நடுவே ஹிந்தியை நிரப்பிப் பேசுவார்.

அண்ணனுக்கு இரண்டு வருஷமாகக் குடலில் நோய். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர். பெருங்குடலின் உள்பக்கம் முழுக்கப் புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகும். மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. 2002 மழைக்காலத்தில் அண்ணி கஸ்தூரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான் வேலை செய்யும் இடத்துக்கு போன் செய்தார். "தம்பி, ரத்தம் நிக்கல. ஆஸ்பத்திரில சேத்துட்டோம். நீங்க வந்தாதான் ஆவும்."

நீங்கள் வந்தால்தான் ஆகும் என்றது எனக்குப் புதிதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்பா இறந்தபோது அண்ணன் மூன்றாம் வகுப்பு. அவர் நின்றார், நான் படித்தேன். எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் முடித்து, சென்னையில் ஒரு சத்துமாவுக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்திருந்தேன். அங்கேதான் அந்த வெள்ளைப் பொடி எனக்கு அறிமுகம். ஒரு கிழங்கிலிருந்து எடுக்கும் நார்ச்சத்து. நம் குடலில் கோடானுகோடி நல்ல கிருமிகள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத இந்த நாரை அவை தின்று செழிக்கும், குடல் தேறும் என்று கட்டுரைகளில் படித்தேன். ஆங்கிலத்தில் ப்ரீபயாடிக் என்பார்கள். அதைத் தமிழில் அண்ணனுக்கு எப்படி எழுதுவது என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்து, 'முன்மருந்து' என்று வைத்தேன். ப்ரீ என்றால் முன். பெருமையாக இருந்தது. சித்திரையிலிருந்து மாதம் ஒரு டப்பா பார்சலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை என் பையில் இரண்டு சட்டையும் இரண்டு டப்பாவும் இருந்தன.

ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். படகில் போனோம். மழை பெய்துகொண்டிருந்தது. ஹூக்ளி ஆறு நம் பாலாறு மாதிரி இல்லை. தண்ணீர் இருக்கிறது, அதுவும் அக்கரை மங்கலாகத் தெரிகிற அளவுக்கு. படகுத்துறையில் மண் கோப்பையில் டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கீழே போட்டு உடைத்தார் ஷ்யாமல்தா. எனக்கு மனசு வரவில்லை, கையிலேயே வைத்திருந்தேன். "போடு போடு, இங்கே எல்லாம் ஒரு தடவைதான்" என்றார்.

அண்ணனை வார்டில் நான் தாண்டிப் போய்விட்டேன். ஏழாம் நம்பர் கட்டிலில் யாரோ கிழவர் என்று நினைத்தேன். "இன்னாடா, அண்ணனையே தெரியலயா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வயிறு மட்டும் கொஞ்சம் மேடாக இருந்தது. ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை போகிறதாம். அண்ணி கட்டிலுக்குக் கீழே பழைய துணிகளை மடித்து வைத்திருந்தார்.

"பொடி எடுத்தாந்தியா?" என்றார் அண்ணன்.

எடுத்து வந்திருக்கிறேன் என்றேன். பக்கத்துக் கட்டில்காரரிடம் அண்ணன் வங்காளியில் ஏதோ சொன்னார். ஷ்யாமல்தா மொழிபெயர்த்தார்: "என் தம்பி கண்டுபிடிச்ச மருந்துன்னு சொல்றான். யார்டுல எல்லாருக்கும் சொல்லிட்டான்."

டாக்டரம்மாவுக்கு நரைத்த தலை, கசங்கிய பருத்திப் புடவை. நான் ஆங்கிலம் பேசியதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மறைக்காமல் சொன்னார். நரம்பில் ஸ்டீராய்டு மருந்து ஏறுகிறது. ஐந்து நாள் பார்ப்போம். ரத்தம் குறைந்தால் பிழைத்தது. குறையாவிட்டால், அல்லது வயிறு வீங்கினால், பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் அது கிழிந்துபோகும், ஆளைக் காப்பாற்ற முடியாது. "மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இப்படி மோசமாவது நல்லதில்லை" என்றார்.

ஐந்து நாள். நான் அதில் முதல் நாளை அங்கேயே கழித்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸில் விழித்தேன். ஒரே அறை, ஒரு சமையல் மூலை. ஜன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாகத் தண்டவாளம், சும்மா நிற்கிற பெட்டிகள், மழை. அண்ணி அவலை நனைத்து வெல்லம் போட்டுக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அண்ணனின் பழைய சீட்டுகளையும் மாத்திரைகளையும் கேட்டேன். சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கி வந்தார்.

டின் நிறைய ஆரஞ்சு நிற மாத்திரைகள். பட்டை பட்டையாக, ஒன்றுகூடப் பிரிக்காமல்.

"அண்ணி, இதெல்லாம் ஏன் அப்படியே இருக்கு?"

"இன்னும் ஆரம்பிக்கலயே தம்பி."

"எதை ஆரம்பிக்கல?"

"மாத்திரைய. முன்மருந்து முடியலயே." அடியிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். மடித்த இடமெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது. அண்ணி ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டி எனக்கே படித்துக் காட்டினார். "இது முன்மருந்து. முதலில் இதைச் சாப்பிட வேண்டும். இது குடலைப் பண்படுத்தும். அதன் பிறகு மருந்து நன்றாக வேலை செய்யும்." நிமிர்ந்து பார்த்தார். "அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு. முன்மருந்து முடிச்சிட்டுதான் பின்மருந்துன்னு. அதுவும் அந்த மாத்திரை சாப்ட்டா தலவலி வரும் அவருக்கு. சந்தோஷமா நிறுத்திட்டாரு. ஒரு டப்பா முடியறதுக்குள்ள நீங்க அடுத்த டப்பா அனுப்பிட்டீங்க."

நான் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து. அண்ணி படித்ததில் ஒரு பிழையும் இல்லை. அவர்கள் புரிந்துகொண்டதிலும் பிழை இல்லை. முதலில், அதன் பிறகு என்றுதான் எழுதியிருந்தேன். ஒவ்வொரு வேளையும் பொடியோடு மாத்திரையும் என்பது என் மனசில் இருந்தது, தாளில் இல்லை.

நாலு மாதம் மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறார். வழக்கமான பரிசோதனைக்கும் போகவில்லை. முன்மருந்து முடியட்டும் என்றாராம். நான் வாராவாரம் போனில் பேசினேன். முன்மருந்து சாப்பிடுகிறாயா என்று தவறாமல் கேட்டேன். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வயிறு உப்புசமாக இருக்கிறது, கடமுட என்கிறது என்று அவர் சொன்னபோது, நல்ல அறிகுறி அண்ணே, கிருமிகள் சாப்பிடுகின்றன என்று சொல்லியிருக்கிறேன்.

"ஏன் தம்பி, தப்பா பண்ணிட்டோமா?" என்றார் அண்ணி.

ஹவுராவுக்குப் போகும் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு போனேன். அந்த ரயில்களில் விற்காத பொருள் இல்லை. சீப்பு, பேனா, உரித்த வெள்ளரி, சாமி படம். ஒருவர் கழுத்தில் பெட்டியைத் தொங்கவிட்டு ஓமமும் இந்துப்பும் போட்ட செரிமான உருண்டை விற்றார். அவர் கூவியதைப் பக்கத்தில் இருந்தவர் எனக்காக ஹிந்தியில் சொன்னார். "சாப்பிட்டதும் நெஞ்சு எரிகிறதா? காலையில் உட்கார்ந்தால் வரவில்லையா? வந்தால் நிற்கவில்லையா? ஆபீஸில் மேலதிகாரி திட்டினால், வீட்டில் மனைவி முறைத்தால், எல்லாவற்றுக்கும் வேர் வயிற்றில்தான் இருக்கிறது தாதா!"

மூலையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "நேத்து உன்கிட்ட வாங்கினேன். இன்னைக்கு சண்டை டபுளாச்சு."

"நீங்கள் மட்டுமா சாப்பிட்டீர்கள்? மனைவிக்கும் ஒன்று கொடுக்க வேண்டும்!"

பெட்டி முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் வேர் வயிற்றில் என்பது என் கடிதத்திலும் இருந்தது. அவர் விற்றது ஒரு உருண்டை. அதைத் தின்றால் யாரும் மற்ற மருந்தை நிறுத்தப் போவதில்லை. நான் எம்.எஸ்ஸி. என்பதால் நிறுத்தியிருக்கிறார்கள்.

டாக்டரம்மாவிடம் சொல்ல எனக்கு மத்தியானம் வரை தைரியம் வரவில்லை. வராந்தாவில் அவர் பின்னாலேயே இரண்டு தடவை போய்த் திரும்பினேன். கடைசியில் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்தினார். டப்பாவை வாங்கி, லேபிளைப் படித்து, திருப்பிக் கொடுத்தார்.

"இது விஷம் இல்லை. நோய் அடங்கியிருக்கும்போது சிலருக்கு உதவலாம் என்கிறார்கள். உறுதியாக யாருக்கும் தெரியாது. குடல் முழுக்கப் புண்ணாக இருக்கும்போது வயிறு உப்புவதுதான் மிச்சம். ஆனால் பொடி இல்லை பிரச்சினை. மாத்திரையை நிறுத்தியதுதான்." பிறகு, "இது உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் படித்தவர் அல்லவா?" என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மூன்றாம் நாள் எண்ணிக்கை பதினான்கிலிருந்து ஒன்பதாகக் குறைந்தது. அண்ணி சுவரில் தடவைக்கு ஒன்றாகக் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். நர்ஸ் திட்டியும் அழிக்கவில்லை. டாக்டரம்மா ஒரு எனிமா மருந்து எழுதினார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருப்பு இல்லை, கரியாஹாட்டில் பெரிய மருந்துக்கடை இருக்கிறது, அங்கே கிடைக்கும் என்றார்கள். ஷ்யாமல்தாவுக்கு ட்யூட்டி. நானே போகிறேன் என்றேன்.

பஸ் நிறுத்தத்தில் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "கொரியா, கொரியா, கொரியா" என்று கத்தினார். கரியாஹாட்டை இவர்கள் இப்படிச் சுருக்குகிறார்கள் என்று முடிவுகட்டி ஏறிவிட்டேன். திருவண்ணாமலையை நாம் திருணாமலை என்பதில்லையா? நான் விவரமானவன் என்ற நினைப்பு அப்போதும் போகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்தும் கரியாஹாட் வரவில்லை. கடைகள் குறைந்து, குளமும் வாழையும் வந்தன. பக்கத்து சீட்டில் கறிகாய்க் கூடை வைத்திருந்த அம்மாவிடம் மருந்துச் சீட்டைக் காட்டினேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். கரியா வேறு, கரியாஹாட் வேறாம். கரியா ஊரின் தெற்குக் கோடி. கரியாஹாட்டை எப்போதோ தாண்டியாயிற்று.

முழு பஸ்ஸும் என் விஷயத்தை எடுத்துக்கொண்டது. ஒருவர் இங்கேயே இறங்கு என்றார். இன்னொருவர் கடைசி வரை போய் வேறு பஸ் பிடி என்றார். யாருக்கு மருந்து என்று விசாரணை வந்தது. தாதாவுக்கு, வயிறு, ரத்தம் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவ்வளவுதான். வில்வப்பழச் சாறு என்றார் ஒருவர். கறிகாய் அம்மா தன் கூடையில் கையை விட்டு ஒரு கட்டுக் கீரையை எடுத்து என் மடியில் வைத்தார். அரைத்து வெறும் வயிற்றில் கொடு, ரத்தம் நிற்கும் என்று சைகை செய்தார். தான்குனி என்றார்கள். பார்த்தால் வல்லாரை! எங்கள் பக்கம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஞாபகசக்திக்காகத் தருவார்கள். பிளஸ் டூ படிக்கும்போது அண்ணன் அனுப்பிய மணியார்டரில் அம்மா வாரம் இரண்டு நாள் வாங்கித் துவையல் அரைத்துக் கொடுத்தார். அதைத் தின்றுதான் மார்க் வாங்கினேன். இந்த ஊரில் அது வயிற்றுக்கு.

கீரையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் நானும் செய்தது ஒன்றுதான். அவருக்கு என் அண்ணன் யாரென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

கரியாஹாட் வந்து சேர்ந்தபோது மணி நாலு. நடைபாதை முழுக்கப் புடவைக் கடை, வளையல் கடை, துர்கா பூஜைக்கு முன்கூட்டியே வாங்க வந்த கூட்டம். கடைக்காரர் மருந்தைத் தந்துவிட்டு, உங்களுக்கு வயிறு எப்படி என்று கேட்டார். திரும்பும் வழியில் ஒரு ஊர்வலம் டிராமை மறித்தது. இறங்கி மழையில் நடந்தேன். மருந்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் வல்லாரைக் கட்டைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

நாலாம் நாள் காலை ஏழு கோடு. அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் குழைந்த சோறும் பச்சை வாழைக்காய் போட்ட தண்ணிக் குழம்பும் கொடுத்தார்கள். வங்காளிகளுக்கு வயிறு சரியில்லை என்றால் அதுதான் பத்தியம். காரம் கிடையாது, புளி கிடையாது. அண்ணன் நாலு கவளம் சாப்பிட்டார்.

"இதுக்குப் பேரு கொழம்பாம்டா" என்றார். "நம்ம ஊர்ல மாட்டுக்குக் காட்டினா மாடு கோச்சிக்கும்."

ஷ்யாமல்தா மீன் குழம்பைப் பற்றி ஏதோ எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சிங்கி மீனில், நம் ஊர்த் தேளி மீன்தான், இஞ்சி மட்டும் போட்டு மனைவியைச் செய்யச் சொல்கிறாராம். "உம் பொண்டாட்டி சமையல சாப்ட்டுதான்டா எனக்கு இந்த வியாதியே வந்திச்சி" என்று அண்ணன் தமிழிலேயே சொன்னார். ஷ்யாமல்தாவுக்குப் பொண்டாட்டி, சமையல் இரண்டும் புரியும். விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணியும் சிரித்தார். நாலு நாளில் அப்போதுதான் முதல் தடவை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மற்ற இருவரும் டீக்குப் போனதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அந்தப் பொடிய முடிச்சிட்டுதான் மாத்திரை சாப்பிடணும்னு இல்ல. ரெண்டையும் சேத்து சாப்பிடணும். நான் எழுதினது தப்பு. அதனாலதான் உனக்கு இப்படி ஆச்சு."

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்குடா தப்பா எழுதப் போற. நான்தான் அத சரியா புரிஞ்சிக்கல. மூணாங்கிளாசுக்கு அவ்ளோதான் எட்டும்."

"இல்லண்ணே, அண்ணிகிட்ட லெட்டரைப் பாத்தேன்..."

"வுடு. டாக்டரம்மா கிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"எம்மேல சொன்னியா, உம்மேல சொன்னியா?"

"என்மேல."

"மூளை கெட்டவனே. உங்கம்பெனில தெரிஞ்சா வேலை போயிடப் போவுது." நர்ஸ் வந்தபோது அவரைக் கூப்பிட்டு வங்காளியில் நீளமாக ஏதோ சொன்னார். நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஷ்யாமல்தா விசாரித்துச் சொன்னார்: தம்பி சரியாகத்தான் சொன்னான், மாத்திரையை நிறுத்தியது நான்தான், காகிதத்தில் அவன் பேரை எழுத வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டாராம்.

அவர் திட்டியிருக்கலாம். அதைத் தாங்கத் தயாராக வந்திருந்தேன். இதற்குத் தயாராக வரவில்லை.

சாயங்காலம் காய்ச்சல் வந்தது. அண்ணியின் கோடுகள் ஐந்தில் நின்றுவிட்டன. குறைந்துவிட்டது என்று அண்ணி சாமி கும்பிட்டார். டாக்டரம்மா வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். தட்டினால் மத்தளம் போலச் சத்தம் கேட்டது. எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. போவது குறையவில்லை. குடல் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. உள்ளே ஊதிக்கொண்டிருக்கிறது. அண்ணி கையிலிருந்த கரித்துண்டை வாங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பெருங்குடல் ஒரு மாட்டு வண்டி டியூப் போல விரிந்து தெரிந்தது. "இனிமேல் காத்திருக்க முடியாது. பத்து மணிக்கு எடுக்கிறோம்" என்றார். மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காதா என்று கேட்டேன். அவர் படத்தை உறைக்குள் போட்டார். "சிலருக்கு மாத்திரை சாப்பிட்டாலும் வரும்" என்றார். என் தோளைத் தொட்டார். அந்தத் தொடுகையில் எனக்கு வேண்டிய பதில் இருந்தது.

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நோயாளிக்குப் புரிய வைத்துக் கையெழுத்து வாங்குங்கள் என்று நர்ஸ் என்னிடமே கொடுத்தார். அண்ணன் "படிச்சி சொல்லுடா" என்றார். அண்ணி கால்மாட்டில் நின்றார்.

ஒரு வரியைப் படித்து, மனசில் இரண்டு தடவை திருப்பிப் பார்த்து, பிறகு வாயைத் திறந்தேன். ஒரு புதுச் சொல்லும் போடவில்லை.

"உன் வயித்தை நடுவுல கீறுவாங்க. பெருங்குடலை முழுசா வெளியே எடுத்துடுவாங்க. அது திரும்ப வளராது. சிறுகுடல் நுனியைக் கொண்டாந்து, இதோ வலது பக்கம் ஒரு ஓட்டை போட்டு வெளியே வெப்பாங்க. மலம் அந்த வழியாத்தான் வரும். அதுக்கு ஒரு பை ஒட்டுவாங்க. பை எப்பவும் இருக்கும். தூங்கும்போதும் இருக்கும். பின்னால ஒருவேளை மாத்தி அமைக்கலாம், அது உறுதி இல்ல. யார்டு வேலைக்கு முடியாது. ரயில்வேல வேற லேசான வேலை கேக்கலாம். ஆபரேஷன்லயே உசுரு போறதுக்கும் வாய்ப்பு இருக்கு. பண்ணலன்னா கண்டிப்பா போயிடும்."

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டிக் கேட்டார். முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இவ்ளோ தெளிவா சொல்றியேடா" என்றார். "சேத்து சாப்புடுன்னு எழுதி இருந்தா சேத்து சாப்ட்டு இருப்பனே."

குரலில் கோபம் இல்லை. மூச்சுதான் வாங்கியது. நேற்று முழுக்க எனக்காகப் பேசியவர் ஒரே ஒரு தடவை தனக்காகப் பேசிவிட்டார். நான் பேனாவைக் கொடுத்தேன். எங்கே போடணும் என்றார். கட்டத்தைக் காட்டினேன். ஏ, ழு, ம, லை என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். லை கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

நர்ஸ் உடம்பைத் துடைத்துத் தயார்ப்படுத்த வந்தார். டாக்டரம்மா பை வரப்போகும் இடத்தை மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். நர்ஸ் வட்டத்தைப் பார்த்தார், அதற்குக் கீழே அண்ணனின் இடுப்பில் இருந்த அரைஞாண் கயிற்றைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்தார். உடம்பில் எதுவும் இருக்கக் கூடாதாம்.

அண்ணி பாய்ந்து வந்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "புதுசு கட்டாம பழச அறுக்கக் கூடாது! செத்தவங்களுக்குத்தான் அப்பிடி அறுப்பாங்க. தம்பி, சொல்லுங்க தம்பி அவங்களுக்கு!"

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஷ்யாமல்தா வங்காளியில் விளக்கினார். நர்ஸ் கத்தரியைத் தாழ்த்தினார். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே தள்ளுவண்டி வந்து நின்றுவிட்டது. புதுக் கயிறு கட்டினாலும் அதையும் அறுக்கத்தான் வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவன் அறுக்கட்டும்" என்றார் அண்ணன்.

"அண்ணே..."

"அறுடா. நேரம் ஆவுது."

கத்தரியை வாங்கினேன். வயிறு வீங்கியிருந்ததால் கயிறு சதைக்குள் அழுந்திக் கிடந்தது. கத்தரி நுழைய இடம் இல்லை. ஒரு விரலை உள்ளே விட்டுத் தூக்க வேண்டியிருந்தது. தோல் நெருப்பாகச் சுட்டது. விரல் பட்டதும் அண்ணன் பல்லைக் கடித்தார். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வெட்டில் அறுபடவில்லை, பழைய கயிறு, எண்ணெய் ஊறியது. இரண்டாவது வெட்டில் அறுந்தது. கயிறு இருந்த இடத்தில் வயிற்றைச் சுற்றி ஆழமாக ஒரு தடம் இருந்தது. வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.